ஐஓஎம்-2 பஸ்: ஒரு போர்டில் மானிட்டர் சானல் இரண்டாம் பைட்டில் நிற்கிறது, இன்னொன்றில் கிளாக்கே இல்லை

குடமுருட்டி (கேள்வி)

வணக்கம். நீடாமங்கலத்தில் ஒரு பயிற்சிக்கூடத்துக்கு டெலிகாம் செயல்முறை மேசை தயார் செய்கிறேன். பழைய இபிஏபிஎக்ஸ் (அலுவலக உள் எக்ஸ்சேஞ்ச்), ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி) சாமான்களிலிருந்து கழற்றிய இரண்டு போர்டுகள் இருக்கின்றன. இரண்டையும் எஸ்டிஎம்32எஃப்446 மைக்ரோகண்ட்ரோலர் மூலம் ஐஓஎம்-2 பஸ் (டெலிகாம் சிப்கள் பேச்சையும் கட்டளையையும் பரிமாறும் கம்பிகள்) வழியாகப் பேச வைக்க வேண்டும்.

முதல் போர்டு: அனலாக் லைன் கார்டு, 5 வோல்ட் கோடெக் சிப் (குரலை டிஜிட்டலாகவும் திரும்பவும் மாற்றுவது). 4.096 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை டிசிஎல்லுக்கு (பஸ்ஸின் டேட்டா கிளாக்) நேராகக் கொடுத்திருக்கிறேன். அதையே 3.3 வோல்ட்டில் ஓடும் 74எச்சி4040 வழியாக 2-ஆல் வகுத்து எஸ்ஏஐக்கு (எஸ்டிஎம்32-இன் சீரியல் ஆடியோ பகுதி) பிட் கிளாக், 512-ஆல் வகுத்து 8 கிலோஹெர்ட்ஸ் எஃப்எஸ்சி (ஃபிரேம் தொடக்கச் சைகை). சிப்பிலிருந்து வரும் டியூ கம்பியில் 3.3 வோல்ட்டுக்கு 4.7 கே புல்-அப். எஸ்ஏஐ 32 பிட் ஸ்லாட் எட்டு, டிஎம்ஏ சுற்று பஃபரில் 8 ஃபிரேம். ஒவ்வொரு அரை பஃபருக்கும் ஒரு இன்டரப்ட்.

நடப்பது இதுதான். மானிட்டர் சானலில் (சிப்புக்குக் கட்டளை போகும் பகுதி) 1000 0000, 0000 0000 என்று அடையாளக் கட்டளை அனுப்புகிறேன். முதல் பைட்டுக்கு சிப் எம்ஆரை (ஒப்புதல் பிட்) 0 ஆக்குகிறது. இரண்டாவது பைட்டைப் போட்டதும் எம்ஆர் 1-க்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை இப்படித்தான். டியூவில் படிக்கும்போது 1 வர வேண்டிய சில இடங்களில் 0 வருவதும் உண்டு.

இரண்டாவது போர்டு: ஐஎஸ்டிஎன் போனிலிருந்து எடுத்தது, எஸ்-பஸ் டிரான்ஸீவர் (ஐஎஸ்டிஎன் லைனில் பேசும் சிப்). மின்சாரம் கொடுத்தால் எஃப்எஸ்சி, டிசிஎல் இரண்டும் 0 வோல்ட்டில் கிடக்கின்றன. மாஸ்டர் நான்தானே என்று முதல் போர்டின் கிளாக்கை அதற்கும் இணைத்தேன். சிப் சூடாகிறது. சிப் போய்விட்டதா? நான் மாஸ்டர், அது ஸ்லேவ் என்ற கணக்கு எங்கே தப்புகிறது?

---

வெட்டாறு

முதல் வேலையாக இரண்டாவது போர்டுக்குப் போகும் கிளாக் கம்பிகள் இரண்டையும் கழற்றுங்கள். அந்தச் சிப்பின் எஃப்எஸ்சி, டிசிஎல் கால்கள் அவுட்புட். இரண்டு அவுட்புட்டை முட்ட விட்டிருக்கிறீர்கள், அதனால்தான் சூடு. கொஞ்ச நேரம்தான் என்றால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

தப்பு "மாஸ்டர்" என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. எஸ்பிஐ, ஐ-ஸ்கொயர்-சி பழகிய கைக்கு, கட்டளை கொடுப்பவனே கிளாக்கும் கொடுப்பான் என்று படிந்துவிடும். டெலிகாம் பஸ்ஸில் அவை இரண்டும் தனித்தனிப் பதவி. உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. மூணாறு தலைப்பில் ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் லஸ்கர். வெண்ணாற்றில் தண்ணீர் வரும் நேரத்தை அவர் முடிவு செய்வதில்லை, அது மேட்டூரில் திறப்பதைப் பொறுத்தது. லைன் கார்டில் மேட்டூரும் லஸ்கரும் நீங்களே. ஐஎஸ்டிஎன் போன் போர்டில் நீங்கள் லஸ்கர் மட்டும். கிளாக் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன் வழியாக வந்து, டிரான்ஸீவர் மூலமாக உங்களுக்கு இறங்குகிறது. அதைப் பற்றி வேறு யாராவது விரிவாக எழுதுவார்கள், நான் முதல் போர்டைப் பார்க்கிறேன்.

உங்கள் 32 பிட் ஸ்லாட் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. லைன் கார்டு முறையில் ஓட்டம் விநாடிக்கு 2.048 மெகாபிட், ஒரு ஃபிரேம் 125 மைக்ரோ செகண்ட், 256 பிட். அதில் எட்டு சானல், சானலுக்கு 32 பிட், அதாவது 15.6 மைக்ரோ செகண்ட். ஆக ஒரு எஸ்ஏஐ சொல் ஒரு சானல். உள்ளே வரிசை: பி1 எட்டு பிட், பி2 எட்டு பிட் (இரண்டும் பேச்சு), மானிட்டர் எட்டு பிட், கடைசி எட்டில் அனலாக் கார்டு என்றால் சி/ஐ (கட்டளை, நிலைக் குறி) ஆறு பிட், பிறகு எம்ஆர், கடைசியில் எம்எக்ஸ். ஐஎஸ்டிஎன் சிப் என்றால் அதே எட்டில் டி சானல் இரண்டு பிட், சி/ஐ நான்கு பிட், பிறகு எம்ஆர், எம்எக்ஸ். பெரிய பிட் முதலில் போகும்.

எம்எக்ஸ் அனுப்புபவரின் பிட், எம்ஆர் பெறுபவரின் பிட். இரண்டுமே 0 என்றால்தான் செயலில் இருப்பதாகப் பொருள். நீங்கள் டிடியில் அனுப்பும் பைட்டுக்கு எம்எக்ஸ் டிடியிலேயே போகும், அதற்கான எம்ஆர் எதிர்க் கம்பியான டியூவில் வரும். நீங்கள் சரியான கம்பியில்தான் பார்க்கிறீர்கள், எம்ஆர் 0 வந்ததே அதற்குச் சாட்சி.

இப்போது நோய்க்கு வருவோம். கைகுலுக்கல் இப்படி நடக்க வேண்டும்:

முதல் பைட்டை வைத்து எம்எக்ஸை 0 ஆக்குகிறீர்கள். சிப் ஒரே பைட்டை அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் பார்த்த பிறகே எம்ஆரை 0 ஆக்கும். அது வந்ததும் இரண்டாவது பைட்டை வைக்கிறீர்கள். அந்த ஃபிரேமில் எம்எக்ஸ் 1. அடுத்த ஃபிரேமில் அதே பைட், எம்எக்ஸ் மறுபடி 0. இந்த 1 ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கலாம். இரண்டு ஃபிரேம் தொடர்ந்து 1 இருந்தால் அதற்கு "செய்தி முடிந்தது" என்று அர்த்தம். சிப்பும் சரி முடிந்தது என்று எம்ஆரை 1-க்குக் கொண்டுபோய்விடும்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நிரலைப் பார்க்காமலே சொல்கிறேன். ஒரு இன்டரப்டில் எம்எக்ஸ் = 1 என்று எழுதுகிறீர்கள், அடுத்த இன்டரப்டில் எம்எக்ஸ் = 0 என்று எழுதுகிறீர்கள். உங்கள் அரை பஃபர் 4 ஃபிரேம், 500 மைக்ரோ செகண்ட். ஆகவே எம்எக்ஸ் நான்கு ஃபிரேம் 1-ஆக நிற்கிறது. சிப் தன் விதிப்படி சரியாகவே நடந்துகொள்கிறது. பத்தில் ஒரு தடவை தப்பிப்பது பஃபர் நிரப்பும் நேரத்து அதிர்ஷ்டம்.

தீர்வு: மாற்றத்தை ஃபிரேம் ஃபிரேமாக அரை பஃபருக்குள்ளேயே எழுதுங்கள். புதிய பைட் தொடங்கும்போது அந்த நான்கு ஃபிரேமின் எம்எக்ஸ் வரிசை 1, 0, 0, 0. பைட் நான்கிலும் ஒன்றே. எம்ஆர் பதில் வரும்வரை அடுத்த அரை பஃபர்களில் 0, 0, 0, 0. 0-வில் எவ்வளவு நேரம் நின்றாலும் சிப் காத்திருக்கும், அவசரமில்லை.

இதே அக்கறை படிக்கும் பக்கமும் வேண்டும். இரண்டாவது பைட்டிலிருந்து சிப்பின் ஒப்புதல் என்பது எம்ஆர் ஒரே ஒரு ஃபிரேம் 1-க்கு ஏறி மறுபடி 0-வுக்கு இறங்குவது. இன்டரப்டில் கடைசி ஃபிரேமை மட்டும் எட்டிப் பார்த்தால் இது கண்ணில் படாது. வந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள், முந்தைய அரை பஃபரின் கடைசி எம்ஆரையும் நினைவில் வைத்துக்கொண்டு. ஒரு ஃபிரேம் 1 என்றால் ஒப்புதல். இரண்டு ஃபிரேம் 1 என்றால் சிப் நிறுத்தச் சொல்கிறது: உடனே எம்எக்ஸை 1-இல் விட்டு முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

இந்த முறையில் ஒரு பைட்டுக்கு ஒன்றரை, இரண்டு மில்லி செகண்ட் ஆகும். விதிப்படி 250 மைக்ரோ செகண்டிலேயே முடியும்தான். கோடெக் ரெஜிஸ்டர் எழுத அந்த வேகம் எதற்கு?

---

அரசலாறு

புரோட்டோகாலை வெட்டாறு பார்த்துவிட்டார். கம்பியும் சரியில்லை, அதையும் பாருங்கள். 1-க்குப் பதில் 0 வருவது மென்பொருள் நோய் அல்ல.

புல்-அப். டியூ ஓப்பன் டிரெயின். 0-வைச் சிப் இழுக்கும், 1-ஐ ரெசிஸ்டர்தான் தூக்க வேண்டும். எட்ஜ் கனெக்டர், ரிப்பன் கேபிள், ஸ்கோப் புரோப் எல்லாம் சேர்ந்து 100 பிகோஃபாரட் என்று வையுங்கள். எஸ்டிஎம்32 ஒரு பிட்டை 1 என்று உறுதியாக ஏற்க 3.3 வோல்ட்டில் 70 சதவீதம் ஏற வேண்டும். அதற்கு ஆர்சியின் 1.2 மடங்கு நேரம். 4.7 கே என்றால் 566 நானோ செகண்ட். ஒரு பிட்டின் முழு நீளமே 488. ஓடியதே ஆச்சரியம். 1 கே போட்டால் 120 நானோ செகண்ட்.

2.2 கே போதாதா என்று கேட்பீர்கள். போதாது, காரணம் கொஞ்சம் நுணுக்கம். ஐஓஎம்-2-இல் டிசிஎல் பிட் ஓட்டத்தின் இரட்டை. சிப் ஒரு பிட்டை அதன் முக்கால் பங்கில், அதாவது இரண்டாவது டிசிஎல் சுற்றின் இறங்கு விளிம்பில் படிக்கும். ஆகவே அதற்கு 366 நானோ செகண்ட் கிடைக்கிறது. உங்கள் எஸ்ஏஐக்குக் கிடைப்பது 2.048 கிளாக் மட்டும், அது பிட்டின் பாதியிலேயே, 244-இல் படித்துவிடும். 2.2 கேக்கு 265 ஆகும், அதற்கு மேல் சிப்பின் சொந்தத் தாமதம் வேறு. 1 கேயில் ஓடும் கரண்ட் 3.3 மில்லி ஆம்பியர்தான், பயப்பட வேண்டாம். 3.3 வோல்ட்டுக்கே இழுத்தது சரிதான், அப்படியே விடுங்கள்.

74எச்சி4040-ஐ எடுத்துவிடுங்கள். அது ரிப்பிள் கவுண்டர், ஒவ்வொரு படியும் முந்தைய படி விழுந்த பிறகே விழும். ஒன்பதாவது படியில் எஃப்எஸ்சி எடுக்கிறீர்கள். 3.3 வோல்ட்டில் அந்தத் தாமதம் சேர்ந்து நூறு நானோ செகண்டைத் தாண்டும், சூட்டுக்குத் தகுந்து நகரவும் செய்யும். டிசிஎல் ஒரு சுற்றே 244 நானோ செகண்ட். காலையில் ஓடுவது மத்தியானம் ஓடாது.

பதிலாக 74எச்சி163 மூன்று. அது சிங்க்ரனஸ், எல்லாக் கால்களும் டிசிஎல் ஏறு விளிம்பில் ஒன்றாக அசையும். முதல் ஐசியின் முதல் கால் 2.048, மூன்றாவது ஐசியின் முதல் கால் 8 கிலோஹெர்ட்ஸ். ஆர்சிஓவை (நிறைந்ததும் வரும் சைகை) அடுத்த ஐசியின் இஎன்டிக்கு (எண்ண அனுமதிக்கும் கால்) கோர்க்க மறக்காதீர்கள்.

இங்கே எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று. பைனரி கவுண்டரில் மேல் பிட் 0-விலிருந்து 1-க்கு ஏறும் நொடியில் கீழ்ப் பிட்கள் எல்லாம் 1-லிருந்து 0-வுக்கு இறங்கும். அதாவது எஃப்எஸ்சி ஏறும்போது உங்கள் 2.048 கிளாக் இறங்குகிறது. பிட்டின் தொடக்கம் பிட் கிளாக்கின் இறங்கு விளிம்பு என்றாகிவிடும். எஸ்ஏஐயில் சிகேஎஸ்டிஆர் பிட்டை 1 ஆக்குங்கள். அப்போது அது இறங்கு விளிம்பில் அனுப்பி ஏறு விளிம்பில் படிக்கும். அனுப்பும் பிளாக், படிக்கும் பிளாக் இரண்டிலும் மாற்ற வேண்டும்.

அதன்பின் டிடியில் முதல் பிட் எஃப்எஸ்சி ஏறும் இடத்திலேயே தொடங்குகிறதா என்று ஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். டிடியையும் டியூவையும் ஒரு கம்பியால் சேர்த்து லூப்பேக் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அனுப்புவதும் படிப்பதும் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால் லூப்பேக்கில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், சிப்புக்கு மட்டும் எல்லாம் ஒரு பிட் தள்ளிப் போகும். தள்ளியிருந்தால் எஸ்ஏஐயின் எஃப்எஸ்ஓஎஃப்எஃப் பிட்டை (ஃபிரேம் சைகை முதல் பிட்டோடா, ஒரு பிட் முன்னாலா என்று தீர்மானிப்பது) மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 256 பிட் வரிசையை மென்பொருளில் ஒரு பிட் சுழற்றி அனுப்பலாம். அழகில்லைதான், ஆனால் வேலை நடக்கும்.

கோடெக்கின் டிசிஎல், எஃப்எஸ்சி, டிடி கால்கள் டிடிஎல் மட்டம்தானா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். 2 வோல்ட்டை 1 என்று ஏற்கும் என்றால் 3.3 வோல்ட் நேரடியாகப் போகலாம். இல்லையென்றால் நடுவில் 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சிடி125 ஒன்று.

---

குடமுருட்டி

இரண்டு பேருக்கும் நன்றி சார். புல்-அப் 1 கே ஆக்கினேன், 163 மூன்று போட்டேன், சிகேஎஸ்டிஆர் 1. ஸ்கோப்பில் முதல் பிட் ஒன்று தள்ளித்தான் இருந்தது, எஃப்எஸ்ஓஎஃப்எஃப் மாற்றியதும் சேர்ந்துவிட்டது. எம்எக்ஸ் வரிசையை 1, 0, 0, 0 என்று எழுதியதும் இரண்டு பைட்டும் ஒப்புதலோடு போகின்றன. நிரலைப் பார்க்காமலே வெட்டாறு சார் சொன்னது அப்படியே சரி, எம்எக்ஸ் நான்கு ஃபிரேம் 1-இல்தான் நின்றது.

இப்போது புதுச் சிக்கல். அடையாளக் கட்டளைக்குப் பதிலாகச் சிப் டியூவில் 1000 0000 வைத்து எம்எக்ஸை 0 ஆக்குகிறது. அங்கேயே நிற்கிறது. அடுத்த பைட் வரவே இல்லை.

இன்னொன்று: போர்டுக்கு மின்சாரம் கொடுத்த முதல் சில நொடிகளில், நான் எதுவும் அனுப்பாமலே சிப் எம்ஆரை 0 ஆக்குகிறது. ஏன்?

---

வெட்டாறு

சிப் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. பதில் சொல்லும்போது அது அனுப்புபவர், நீங்கள் பெறுபவர். டியூவில் அதன் எம்எக்ஸ் 0 ஆகி, ஒரே பைட் இரண்டு ஃபிரேம் வந்ததும், நீங்கள் டிடியில் எம்ஆரை 0 ஆக்க வேண்டும். அது அடுத்த பைட்டோடு எம்எக்ஸை ஒரு ஃபிரேம் 1 ஆக்கி 0-வுக்கு வரும். அதை வாங்கியதும் நீங்கள் எம்ஆரை ஒரு ஃபிரேம் மட்டும் 1 ஆக்கி 0-வுக்குக் கொண்டுவருகிறீர்கள். மறுபடியும் அதே 1, 0, 0, 0 வரிசை, இந்தத் தடவை எம்ஆர் பிட்டில். நான்கு ஃபிரேமும் 1-இல் விட்டால் நீங்கள் பதிலை நிறுத்தச் சொல்வதாகச் சிப் எடுத்துக்கொள்ளும். அதன் எம்எக்ஸ் இரண்டு ஃபிரேம் 1-இல் நின்றால் பதில் முடிந்தது, நீங்களும் எம்ஆரை 1-இல் விடுங்கள்.

ஒரு சொல்லில் எம்எக்ஸும் எம்ஆரும் சேர்ந்தே இருப்பதால் அனுப்பும் நிலையையும் பெறும் நிலையையும் ஒரே மாறியில் வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தனித்தனியாக இரண்டு ஸ்டேட் மெஷின். கடைசியில் பஃபரில் எழுதும்போது மட்டும் இரண்டு பிட்டையும் சேருங்கள்.

தொடக்கத்தில் எம்ஆர் 0 ஆவது: டிஎம்ஏ பஃபர் முழுக்க 0-வோடு எஸ்ஏஐயை ஓட விடுகிறீர்கள். இங்கே 0 என்றால் எதுவும் இல்லை என்று பொருளல்ல, "எம்எக்ஸ் செயலில், பைட் 0000 0000" என்று பொருள். எட்டு சானலிலும் கத்துகிறீர்கள். எஸ்ஏஐயைத் தொடங்கும் முன் மானிட்டர் 1111 1111, எம்ஆர் 1, எம்எக்ஸ் 1 என்று நிரப்புங்கள். பி1, பி2-இல் ஏ-லா (பேச்சை எட்டு பிட்டாக்கும் முறை) மௌனம் 1101 0101. அங்கே 0 என்பது மௌனம் அல்ல.

---

கோரையாறு

இரண்டாவது போர்டைப் பற்றி. சிப் போகவில்லை, தூங்குகிறது.

ஐஎஸ்டிஎன் போன் பக்கம், அதாவது டிஇ முறையில், டிரான்ஸீவர்தான் எஃப்எஸ்சியும் டிசிஎல்லும் கொடுக்கும். ஓட்டம் விநாடிக்கு 768 கிலோபிட், டிசிஎல் 1.536 மெகாஹெர்ட்ஸ், ஃபிரேமுக்கு மூன்று சானல், 96 பிட். லைன் செயலில் இல்லாதபோது மின்சாரம் மிச்சப்படுத்தக் கிளாக்கை நிறுத்திவிடும். எஃப்எஸ்சி, டிசிஎல் 0-விலும் டியூ, டிடி 1-லும் கிடந்தால் அது ஆரோக்கியமான தூக்கம்.

எழுப்பும் முறை: இந்தப் போர்டில் திசை தலைகீழ், நீங்கள் பேசுவது டியூவில், சிப் பேசுவது டிடியில். டியூ காலை எஸ்ஏஐயிலிருந்து பிரித்துச் சாதாரண அவுட்புட் ஆக்கி 0-வுக்கு இழுங்கள். கிளாக் இல்லாத நேரத்தில் கொடுக்கக்கூடிய ஒரே சைகை அதுதான். சிப்பின் 7.68 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஓடத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் எஃப்எஸ்சி, டிசிஎல் வந்துவிடும். வராவிட்டால் கிரிஸ்டல் காலில் ஸ்கோப் வையுங்கள், 10 மடங்கு புரோப்பில். 1 மடங்கில் வைத்தால் புரோப்பே கிரிஸ்டலை நிறுத்திவிடும்.

கிளாக் வந்ததும் அவசரப்பட்டு டியூவை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. டியூ 0-வில் இருக்கும்வரை சிப் சி/ஐயை 0000 என்று படிக்கிறது, அதற்குப் பெயரே கிளாக் கோரிக்கை. விட்டதும் சி/ஐ 1111 ஆகிவிடும், அது "எனக்குக் கிளாக் வேண்டாம்" என்ற கட்டளை. சிப் சொன்ன பேச்சைக் கேட்டு மறுபடி தூங்கப் போய்விடும். ஆகவே எஸ்ஏஐ பஃபரில் சி/ஐ 0000, மானிட்டர் 1111 1111, எம்ஆர், எம்எக்ஸ் 1 என்று முன்பே நிரப்பி வைத்து, எஸ்ஏஐ ஓட ஆரம்பித்த பிறகு காலை அதனிடம் ஒப்படையுங்கள். டிடியில் சி/ஐ 0111 வந்தால் சிப் விழித்துவிட்டது. பிறகு 1000 அனுப்பினால் லைனை எழுப்பச் சொல்கிறீர்கள். எதிரே என்டி (லைனின் எக்ஸ்சேஞ்ச் பக்கப் பெட்டி) இருந்து லைன் சேர்ந்தால் 1100 வரும். மேசையில் என்டி இல்லை என்றால் 1100 வரவே வராது, அதற்காகச் சிப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

சி/ஐக்குக் கைகுலுக்கல் கிடையாது. ஒரே குறியை அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் பார்த்தால்தான் சிப் ஏற்கும், நீங்கள் படிக்கும்போதும் அதையே செய்யுங்கள். குறியை அனுப்பிவிட்டு எடுத்துவிடக் கூடாது, அடுத்த குறி வரும்வரை அதுவே நிற்க வேண்டும்.

இந்தப் போர்டுக்கு எஸ்ஏஐ ஸ்லேவ், 32 பிட் ஸ்லாட் மூன்று. பிட் கிளாக் 768 கிலோஹெர்ட்ஸ். சில சிப்களில் அதற்கு பிசிஎல் என்று தனிக் கால் இருக்கிறது. இல்லையென்றால் டிசிஎல்லை 74எச்சி74-ஆல் பாதியாக்கலாம். அப்போது எஃப்எஸ்சிக்கு ஏற்ப கட்டம் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். பாதியாக்கும் ஃபிளிப்-ஃப்ளாப் எந்தக் கட்டத்தில் எழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, எஃப்எஸ்சி ஏறும் விளிம்பிலிருந்து எடுத்த குறுகிய துடிப்பால் அதை ரீசெட் செய்வது நல்லது. ரீசெட் காலை எஃப்எஸ்சியோடு நேராகக் கட்டினால், எஃப்எஸ்சி 0-வில் இருக்கும்போதெல்லாம் கிளாக் நின்றுவிடும்.

எஃப்446-இல் எஸ்ஏஐ இரண்டு இருக்கிறது. ஒன்று லைன் கார்டுக்கு, ஒன்று இதற்கு. கிளாக்கைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஆனால் ஒரு போர்டின் பேச்சை இன்னொன்றுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டும் தனித்தனி கிரிஸ்டலில் ஓடுகின்றன. வித்தியாசம் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தாலே 2.5 விநாடிக்கு ஒரு ஃபிரேம் கூடவோ குறையவோ செய்யும், ஒவ்வொன்றும் காதில் ஒரு "டிக்". பேச்சு கெடாது, மோடம் போட்டால் அறுந்துவிடும்.

பெயர் விஷயத்தில் ஒன்று. ஜிசிஐ என்று எழுதியிருக்கும் சிப்பைப் பார்த்தால் வேறு ஏதோ என்று ஒதுக்கிவிடாதீர்கள். சீமென்ஸ் வைத்த பெயர் ஐஓஎம். சீமென்ஸ், அல்கடெல், பிளெஸ்ஸி, இடால்டெல் நான்கும் சேர்ந்து வகுத்தபோது வந்த பெயர் ஜிசிஐ. பழைய சாமான் கடையில் இரண்டும் கலந்துதான் கிடக்கும்.

---

அரசலாறு

மேசையை வருஷக்கணக்கில் மாணவர்கள் கையில் விடப் போகிறீர்கள் என்பதால் இரண்டு மூன்று விஷயம்.

சுற்றிலும் பம்புசெட் ஓடும் ஊரில் மோட்டார் போடும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். 3.3 வோல்ட் விழுந்து எஸ்டிஎம்32 மட்டும் ரீசெட் ஆகி, கோடெக் உயிரோடு இருந்தால், அது பாதிச் செய்தியில் எம்ஆர் 0-வோடு காத்திருக்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் 10 மில்லி செகண்டுக்கு வெறும் 1-களை அனுப்பி எம்ஆர் 1 ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகே முதல் கட்டளையை அனுப்புங்கள். கோடெக்கின் ரீசெட் காலையும் எஸ்டிஎம்32-இன் ஒரு காலில் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. சில சிப்கள் கிளாக் ஓடும்போதுதான் ரீசெட்டை முழுமையாக முடிக்கும், ஆகவே முதலில் கிளாக், பிறகு ரீசெட்டை விடுவது, அதற்குப் பிறகு பேச்சு.

எட்ஜ் கனெக்டர். கடற்கரைப் பக்கமிருந்து வந்த போர்டு என்றால் உப்புக் காற்றில் தகரப்பூச்சுள்ள காண்டாக்ட் கறுத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான அழிரப்பரும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கு மறுபடி கறுக்கும். டியூவில் காண்டாக்ட் கெட்டால் புல்-அப் பக்கம் எப்போதும் 1-ஆகவே தெரியும், அதாவது சிப் இல்லாதது போலவே இருக்கும். மென்பொருளில் தேடி ஒரு நாள் போய்விடும்.

24 மெகாஹெர்ட்ஸ் மலிவு லாஜிக் அனலைசர் இதற்குப் போதும். ஒரு ஃபிரேமுக்கு 3000 சாம்பிள், டிசிஎல் ஒரு சுற்றுக்கு ஆறு. எஃப்எஸ்சியில் டிரிகர் வைத்து, டிடி, டியூ இரண்டையும் ஒன்றாகப் பிடியுங்கள். ஒன்றை மட்டும் பிடித்தால் யார் யாருக்கு ஒப்புதல் சொல்கிறார்கள் என்பது தெரியாது. ஏறும் வேகம் மட்டும் இதில் தெரியாது, புல்-அப் சந்தேகத்துக்கு ஸ்கோப்தான்.

---

குடமுருட்டி

டிரான்ஸீவர் விழித்துவிட்டது, 0111 வந்தது. முதலில் 1111-இல் விட்டுத்தான் பார்த்தேன், கோரையாறு சார் எச்சரித்தபடியே உடனே தூங்கிவிட்டது. 0000 வைத்ததும் நிற்கிறது. கோடெக்கின் முழு அடையாளப் பதிலும் வருகிறது.

கடைசியாக ஒன்று. இன்னொரு லைன் கார்டையும் அதே பஸ்ஸில் செருகினேன். அடையாளம் கேட்டால் வருவது இரண்டு கார்டின் பதிலுமே இல்லை, மூன்றாவதாக ஏதோ ஒன்று. அதில் 0 நிறைய.

---

வெட்டாறு

இரண்டு கார்டும் ஒரே சானலில் பதில் சொல்கின்றன. ஓப்பன் டிரெயினில் ஒருவர் 0 இழுத்தாலும் கம்பி 0-தான். ஆக நீங்கள் படிப்பது இரண்டு பதிலின் பிட்டுக்குப் பிட் "ஆண்ட்". தனித்தனியாக வாங்கிய இரண்டு அடையாளத்தையும் ஆண்ட் செய்து பாருங்கள், அந்த மூன்றாவது எண் வரும். வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒவ்வொரு சிப்பிலும் டிஎஸ்0, டிஎஸ்1, டிஎஸ்2 மாதிரி சானல் தேர்வுக் கால்கள் இருக்கும். மூன்று கால், எட்டு சானல். இபிஏபிஎக்ஸில் இவற்றைப் பெரும்பாலும் கார்டில் கட்டாமல் பின்தளத்தில் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் வேறுவேறாகக் கட்டியிருப்பார்கள். கார்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கால்கள் தொங்கிப்போய், எல்லாம் ஒரே முகவரியில் விழுந்துவிடும். எட்ஜ் கனெக்டரில் அந்த மூன்று காலையும் தேடிப் பிடித்து, ஒரு கார்டுக்கு 000, மற்றதுக்கு 001 என்று தரைக்கும் 5 வோல்ட்டுக்கும் கட்டுங்கள். இரண்டாவது கார்டின் பதில் அடுத்த 32 பிட் சொல்லில் தனியாக வரும்.